மாவட்ட வானொலியில் ஊர்ச் செய்தி எங்கே இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "திருநெல்வேலி வானொலியை ஒரு வாரம் விடாமல் கேட்டேன். செய்தி என்று வந்ததெல்லாம் டில்லியும் சென்னையும்தான். உள்ளூர்ச் செய்தியே சொல்லாத உள்ளூர் வானொலி எதற்கு? ஊரில் நடப்பது எல்லாம் வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. பேசாமல் சென்னையிலிருந்தே மாநிலம் முழுக்க ஒலிபரப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?" கேட்டவர் இதழியல் படிக்கிற மாணவர். தென்மாவட்ட நிலையங்களுக்கு உரைச்சித்திரம் எழுதிக் கொடுத்தும், குரல் கொடுத்தும், அங்கே இருப்பவர்களோடு வாக்குவாதம் செய்தும் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கவனித்தது சரி. முடிவுதான் சரியில்லை. நம் ஊர் வானொலியில் ஊர்ச் செய்தி, செய்தி அறிக்கையில் வருவது அபூர்வம். அது நிகழ்ச்சிகளுக்குள் கலந்து வருகிறது. அணை நீர்மட்டத்தில் இருக்கிறது, உழவர் நிகழ்ச்சியில் இருக்கிறது, மீனவர்களுக்கான அறிவிப்பில் இருக்கிறது, கோயில் கொடை என்கிற ஊர்த் திருவிழா பற்றிய பேச்சில் இருக்கிறது. நீங்கள் செய்தி நேரத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, மற்ற நேரத்தில் ஏதோ ஓடுகிறது என்று விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே நிகழ்ச்சி நேரத்தைக் குறைத்தால் போவது பாட்டும் கச்சேரியும்தானே என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மாவட்டத்துக்கு என்று இருக்கிற கொஞ்சநஞ்சச் செய்தியும் அதோடு சேர்ந்தே போகும்.

முதலில், செய்தி அறிக்கையில் ஏன் ஊர் இல்லை என்பதைப் பார்ப்போம். வானொலி நிலையம் என்று நாம் சொல்வது ஒரே வீட்டுக்குள் மூன்று குடித்தனம் மாதிரி. நிகழ்ச்சிப் பிரிவு ஒன்று, பொறியியல் பிரிவு ஒன்று, செய்திப் பிரிவு ஒன்று. செய்திப் பிரிவுக்கு மேலதிகாரம் டில்லியில் இருக்கிற செய்திச் சேவைப் பிரிவு. நிலைய இயக்குநருக்கு அதில் பெரிதாகக் கை கிடையாது. இதில் முக்கியமான விஷயம், செய்திப் பிரிவு எல்லா நிலையத்திலும் கிடையாது. தமிழில் மாநிலச் செய்தி தயாரிக்கிற பிரிவுகள் சென்னை, திருச்சி, புதுச்சேரி ஆகிய ஊர்களில் இருக்கின்றன. திருநெல்வேலி மாதிரியான நிலையங்கள் அங்கிருந்து வருவதை அஞ்சல் செய்கின்றன, அதாவது அப்படியே வாங்கி மறுபடி ஒலிபரப்புகின்றன, அவ்வளவுதான். பழைய நேயர்களுக்கு 'டில்லி அஞ்சல்' என்ற சொல் நன்றாக நினைவிருக்கும். காலை 7.15 மணிச் செய்தியைப் பல ஆண்டுகள் டில்லியிலிருந்து வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அவர் 2022-இல் காலமானபோது மூன்று தலைமுறை நேயர்கள் வருத்தப்பட்டார்கள். அந்தப் புகழின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழனுக்கு வானொலிச் செய்தி என்றாலே 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவது என்று பழகிப்போனது.

மாவட்டத்திலிருந்து செய்தி போவதற்கு ஒரு வழி உண்டு. மாவட்டங்களுக்குப் பகுதிநேரச் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்திப் பிரிவுக்குத் தகவல் அனுப்புவார்கள். அங்கே பொறுக்கி எடுத்து அறிக்கையில் சேர்ப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து மாலை வருகிற மாநிலச் செய்தி பத்து நிமிடம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். முதலமைச்சர், ஆளுநர், மத்திய அமைச்சர் வருகை, வானிலை, தலைப்புச் செய்தி என்று எதையுமே சேர்க்காமல் சமமாகப் பங்கிட்டால்கூட ஒரு மாவட்டத்துக்கு சுமார் 16 விநாடி. நிஜத்தில் ஒரு மாவட்டத்துக்கு மாதத்தில் சில நாள் இடம் கிடைத்தாலே பெரிது. அதுவும் விபத்தாகவோ தேரோட்டமாகவோதான் இருக்கும். செய்தியாளரின் சோம்பேறித்தனம் இல்லை இது. பாத்திரம் சின்னது.

இன்னொரு காரணம், ஒலிபரப்பு நெறிமுறை. அகில இந்திய வானொலிக்கு, அதாவது ஆகாசவாணிக்கு, 1960-களின் கடைசியிலிருந்து ஒரு நெறிமுறை இருக்கிறது. நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது, மதங்களைத் தாக்கக் கூடாது, நீதிமன்ற அவமதிப்பு கூடாது, கட்சியின் பெயரைச் சொல்லித் தாக்கக் கூடாது என்று போகும். அதில் மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையோடு விமர்சிப்பதும் கூடாது என்று இருக்கிறது. எது பகைமை, எது விமர்சனம் என்று யார் பிரிப்பது? நிகழ்ச்சி நிர்வாகிதான். அவருக்குப் பதவி உயர்வு இருக்கிறது, இடமாற்றம் இருக்கிறது. அவர் பாதுகாப்பான பக்கமே சாய்வார். பாளையங்கோட்டையில் ஒரு தெருவுக்குப் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது வெறும் தகவல். அதைச் சொல்லக் கூடாது என்று எந்த நெறிமுறையும் தடுக்கவில்லை. ஆனாலும் சொல்ல மாட்டார்கள். குடிநீர் சேமிப்பின் அவசியம் பற்றி ஒரு பேராசிரியரின் உரை வரும். இந்த இடத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு.

சரி, நல்ல பக்கத்துக்கு வருகிறேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு ஒரு நாளின் முதல் செய்தி எது? பாபநாசம் அணை எத்தனை அடி என்பது. அணையின் முழு உயரம் 143 அடி. மணிமுத்தாறு 118 அடி. பாபநாசத்துக்கு நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி என்று அறிவிப்பாளர் ஒரே தொனியில் வாசித்துக்கொண்டு போவார். உங்களுக்கு அது எண் வரிசை. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு அதுதான் தலைப்புச் செய்தி. நாகர்கோவில் பக்கம் போனால் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. மதுரையில் வைகை 71 அடி. டெல்டாவில் மேட்டூர் 120 அடி, ஜூன் 12-இல் திறப்பார்களா மாட்டார்களா என்ற கேள்வி. இத்தனை அணையையும் ஒரே அறிவிப்பில் சென்னையிலிருந்து வாசித்தால் என்ன ஆகும்? தன் அணை வருவதற்குள் ஆள் எழுந்து போய்விடுவார்.

நெல் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி. தாமிரபரணியில் கார், பிசானம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ. காஞ்சிபுரம் பக்கம் சொர்ணவாரி, நவரை. பெயர் மட்டுமா வேறு? விதைக்கிற மாதம் வேறு, தண்ணீர் வருகிற வழி வேறு, பூச்சி தாக்குகிற நேரம் வேறு. ஒரு ஊரில் நாற்று நடும்போது இன்னொரு ஊரில் பயிர் பால் பிடித்து நிற்கும். 'தமிழ்நாட்டு உழவர்களுக்கு' என்று ஒரே நிகழ்ச்சி தயாரித்தால் அது யாருக்கும் உதவாத பொதுவான அறிவுரையாகத்தான் முடியும்: மண் பரிசோதனை செய்யுங்கள், சான்று பெற்ற விதை வாங்குங்கள். அதைத்தான் எல்லோரும் ஏற்கெனவே கேட்டாயிற்றே.

கடலும் அப்படித்தான். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கரையும் இருக்கிறது. சின்னமுட்டத்தில் விசைப்படகு கடலுக்குப் புறப்படுகிற நாளில் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகு கரையில் நிற்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சட்டம். "தமிழக மீனவர்கள் இன்று முதல் கடலுக்குச் செல்கிறார்கள்" என்று ஒரு வரியில் முடித்தால் குமரி மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அது தவறான செய்தி. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை 1984-இல் நாகர்கோவிலில் தொடங்கியபோது இதையெல்லாம் யோசித்தார்களா என்று தெரியவில்லை. ஆனால் இடம் பொருத்தமாக அமைந்தது.

வானொலியால் ஊரில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டி உருவாக்கியது. அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. திருச்சி வானொலி அந்த நெல்லைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியது. எப்போது விதைப்பது, எவ்வளவு உரம், நட்டவர் என்ன சொல்கிறார் என்று நிகழ்ச்சிகள் வந்தன. ஊர்க்காரர்கள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்லு'. அரசு வைத்த பெயரை யாரும் சொல்லவில்லை. 1966-இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவு என்று தனியாகவே தொடங்கினார்கள். வேளாண்மை படித்த ஆட்களை வானொலிக்குள் கொண்டுவந்த பிரிவு அது. பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாட்டுக்கே தெரிந்தவராக ஆன தென்கச்சி கோ. சுவாமிநாதனும் வேளாண்மை படித்துவிட்டுத் திருநெல்வேலி வானொலிக்கு வந்தவர்தான். அந்தப் பேச்சில் இருந்த திண்ணை வாடை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து கலை. இதில் எனக்குப் பெருமையும் உண்டு, குறையும் உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வானொலியில் பாட வேண்டுமானால் குரல் தேர்வில் தேற வேண்டும். பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் பிரிப்பார்கள். கர்நாடக சங்கீதக்காரர்கள் மேடையில் "ஆகாசவாணி ஏ கிரேடு கலைஞர்" என்று அறிமுகம் செய்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இதே மாதிரியான தேர்வு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் உண்டு. ஊர்க் கொடையில் பாடுகிற ஒருவருக்கு, அவரைக் கூலி ஆளாக மட்டும் பார்த்த ஊரில், அரசு முத்திரையோடு ஒப்பந்தக் கடிதம் தபாலில் வருவது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வானொலி அந்தக் கலையை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். வில்லிசை, அதாவது வில்லுப்பாட்டு என்பது கோயில் கொடையில் ராத்திரி முழுக்க நடப்பது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், அதற்குப் பிறகு கதை, கடைசியில் வாழி. சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ சாவகாசமாக ஏறி, சாமி வருகிற இடத்தில் போய் நிற்கும். வானொலி தருவது அரைமணி நேரம். அதில் குருவடிக்கும் அவையடக்கத்துக்கும் இரண்டிரண்டு வரி. கதையில் ஒரு துண்டு. சாமியாடுவதற்கு ஸ்டூடியோவில் ஆள் கிடையாது, இடமும் கிடையாது. இந்த அரைமணி வடிவத்துக்குள் குடும்பக் கட்டுப்பாடும் சிறுசேமிப்பும் வேறு வந்து உட்கார்ந்துகொண்டன. வில்லும் உடுக்கையும் குடமும் அதேதான். கதை மட்டும் அரசாங்கத்துடையது.

ஒலிப்பதிவு அறைக்குள் இந்த வாத்தியங்கள் படுகிற பாடு தனி. குடத்தில் அடிக்கிற அடி மைக்கில் முட்டி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குடத்துக்காரரை அறையின் மூலைக்குத் தள்ளி உட்கார வைப்பார்கள். கதை பாடுகிற புலவரின் முகம் பார்த்துத்தான் அவர் அடிப்பார் என்பதால் தாளம் ஒரு கணம் தடுமாறும். கணியான் கூத்து என்ற கோயில் கலைக்கு வாசிக்கிற மகுடம் என்ற தோல் பறையின் பாடு இன்னும் மோசம். அதன் தோலை நெருப்பில் காய்ச்சினால்தான் ஒலி எழும்பும். ஸ்டூடியோவில் ஏ.சி. ஓடும், நெருப்புக்கு அனுமதி கிடையாது. வெளியே வேப்ப மரத்தடியில் காகிதத்தைக் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சிக்கொண்டு, தோல் இறுகியிருக்கும்போதே ஓடி வந்து வாசிப்பார்கள். பாதிப் பாட்டில் குளிரில் தோல் தளர்ந்து, ஒலி மந்தமாகிவிடும். பதிவை நிறுத்து, மறுபடி வெளியே ஓடு. பொறியாளர் பொறுமைசாலியாக இருந்தால் நல்ல பதிவு கிடைக்கும். இல்லையென்றால் மந்தமான மகுடம்தான் காலத்துக்கும் நிற்கும்.

காலத்துக்கும் நிற்கும் என்று சொன்னதும் ஓரளவுக்குத்தான் உண்மை. ஸ்பூல் டேப் காலத்தில் டேப் விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு மறுபடி அதிலேயே பதிவது வழக்கம். பெரிய வித்துவான்களின் கச்சேரி காப்பகத்துக்குப் போகும். நடவுப் பாட்டுப் பாடிய அம்மாளின் குரல் மேல் அடுத்த வாரம் ஒரு சுகாதார உரை ஏறியிருக்கும். எது காக்க வேண்டியது என்று முடிவு செய்தவர்களுக்குக் கச்சேரி தெரிந்த அளவுக்கு நடவுப் பாட்டு தெரியவில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும், இதைச் செய்ய வேறு யாரும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரைமணி வில்லிசையாவது யார் தந்தார்கள்? தனியார் பண்பலையில் (எஃப்.எம்.) அரை நிமிடம்கூட இல்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை வானொலியில் நேர்முக வர்ணனையாகக் கேட்டுப் பாருங்கள். படம் இல்லாமல் கூட்டத்தைக் கண்முன் நிறுத்த வேண்டும். அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை எங்கே நடக்கிறது, அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார், பச்சைப் பட்டு என்றால் வெள்ளாமை செழிக்கும் என்று சனங்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதெல்லாம் வர்ணிப்பவரின் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். குறிப்பைப் பார்த்து வாசிக்கிற வெளியூர் ஆள் இதைச் செய்தால் பத்து நிமிடத்தில் மதுரைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனை, ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு, திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் எல்லாமே இந்த வகைதான்.

இப்போது நீங்கள் கேட்ட வாட்ஸப் விஷயம். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸப்பில் வருவதற்குப் பொறுப்பாளி யார்? வானொலியில் ஒலிபரப்பாகிற ஒவ்வொன்றுக்கும் டூட்டி ரூமில் பதிவேடு உண்டு. எந்த நேரத்தில் என்ன போனது, யார் பணியில் இருந்தார் என்று எழுதி வைத்திருப்பார்கள். அணை உடைந்துவிட்டது என்று ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டு மறுநாள் "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று கையை உதற முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் போன ஊர்களில் வாட்ஸப் எங்கே இருந்தது? இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடுகிற ஒரு பெட்டி இருந்தால், அதில் பேசுவதற்கு ஊர் தெரிந்த ஒருவர் பக்கத்து நகரத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த மாதிரி ராத்திரியில் அதற்கு என்ன மதிப்பு என்பது தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

தனியார் பண்பலை இருக்கிறதே என்றால், இந்தியாவில் அவர்கள் தாங்களாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை மாதிரியான தகவல்களைச் செய்தி அல்லாதவை என்று வகைப்படுத்திவிட்டு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். செய்தி வேண்டுமானால் ஆகாசவாணி செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். சமுதாய வானொலிகளுக்கும் இதே கட்டுதான். பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்கு வேண்டிய கடல் தகவல்களைச் சிறப்பாகவே தருகிறது. ஆனால் அதுவும் 'செய்தி' என்று பெயர் வைத்து ஒன்றையும் வாசிக்க முடியாது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அந்தப் பொதுச் சொத்தில் செய்தி சொல்லும் உரிமை ஒரே ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனமும் மாநிலத்துக்கு ஓரிரு ஊரில் மட்டும் செய்தி தயாரிக்கிறது. ஆகவே, வானொலியில் ஏன் ஊர்ச் செய்தி இல்லை என்ற உங்கள் கேள்வியைத் திருநெல்வேலி நிலையத்தைப் பார்த்துக் கேட்பதைவிட டில்லியைப் பார்த்துக் கேட்பது சரி.

நிலையங்களை இணைக்கிற பேச்சு சில ஆண்டுகளாகவே இருக்கிறது. 2021 ஜனவரியில் நாடு முழுக்க நிலையங்கள் மூடப்படுகின்றன என்று செய்தி பரவியபோது, எந்த நிலையமும் மூடப்படவில்லை, எதன் தகுதியும் குறைக்கப்படவில்லை என்று ஆகாசவாணியை நடத்துகிற பிரசார் பாரதி மறுத்தது. மூடவில்லை என்பது சரி. கவனிக்க வேண்டியது வேறு. கட்டடம் இருக்கும், கோபுரம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும். உள்ளே தயாராகிற நேரம் குறைந்து, வெளியிலிருந்து அஞ்சலாகிற நேரம் கூடினால், மூடாமலேயே மூடிய மாதிரிதான். நிகழ்ச்சி நிர்வாகி ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. தினசரி ஒலிபரப்பைத் தோளில் சுமப்பவர்கள் பெரும்பாலும் தற்காலிக அறிவிப்பாளர்கள். மாதத்தில் சில நாள் பணி, அதற்கு மட்டும் ஊதியம். ஓர் ஊரின் எல்லாக் கோயில் கொடையும் எல்லாக் குளத்தின் பெயரும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2022 அக்டோபரில் பிபிசி, இங்கிலாந்தில் இருக்கிற 39 உள்ளூர் நிலையங்களும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு பெரும்பாலும் பக்கத்து நிலையங்களோடு நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. நிகழ்ச்சியைப் பொதுவாக்கினாலும் ஒவ்வொரு நிலையத்தின் உள்ளூர்ச் செய்தி அறிக்கையும் தொடரும் என்றார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும். நம்மிடம் மிஞ்சுவதற்கு மாவட்டச் செய்தி அறிக்கை என்று ஒன்று இல்லவே இல்லை. நிகழ்ச்சி போனால் எல்லாம் போச்சு.

தொழில்நுட்பத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. திருநெல்வேலி மத்திய அலையில் (மீடியம் வேவ்) 1197 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. மத்திய அலை எட்டும் தூரம் அதிகம். ஆனால் இப்போது வீட்டில் எல்.இ.டி. பல்பும் கைபேசி சார்ஜரும் போடுகிற இரைச்சலில் வானொலிப் பெட்டி கரகரக்கிறது. கைபேசியில் மத்திய அலை வாங்கும் வசதியே கிடையாது. பரப்பளவில் 92 சதவீதத்துக்கும், மக்கள்தொகையில் 99 சதவீதத்துக்கும் வானொலி எட்டுகிறது என்று அரசுக் கணக்கு சொல்லும். அலை எட்டுவது வேறு, காதில் விழுவது வேறு. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒலிபரப்புக் கட்டமைப்புக்கு 2,539 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, பண்பலை எட்டும் மக்கள்தொகையை 68 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக்குவோம் என்றது. நல்லது. கோபுரத்துக்குக் கோடி கொடுப்பவர்கள், அந்தக் கோபுரத்தின் கீழே உட்கார்ந்து பேசுகிறவருக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் தேவலை.

என்னைக் கேட்டால், செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், நிலையத்திலேயே தயாரித்த மாவட்டச் செய்தி. பகுதிநேரச் செய்தியாளர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் சென்னைக்கு அனுப்பி, சென்னை தள்ளிவிடுகிற தகவலே அந்தப் பத்து நிமிடத்துக்குப் போதும். மாநகராட்சிக் கூட்டத்தில் என்ன தீர்மானம், எந்தக் குளத்தில் மடை உடைந்திருக்கிறது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தேங்கிக் கிடக்கிறது. யாரையும் தாக்க வேண்டாம். இன்ன இடத்தில் இத்தனை மூட்டை கிடக்கிறது என்று சொன்னால் போதும், மறுநாள் லாரி வரும்.

நீங்கள் இதழியல் மாணவர் என்பதால் ஒரு யோசனை. ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் நிறைய நிலையங்கள் கிடைக்கின்றன. திருநெல்வேலி, நாகர்கோவில், திருச்சி மூன்றையும் ஒரே நாள் காலை ஒலிபரப்பு முழுக்கக் கேளுங்கள், செய்தி அறிக்கையை விட்டுவிட்டு. அந்தந்த ஊரில் மட்டுமே பொருள்படுகிற வாக்கியம் எத்தனை வருகிறது, எத்தனை நிமிடம் வெளியிலிருந்து அஞ்சலாகிறது என்று குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அதே கணக்கை எடுங்கள். குறைந்திருந்தால், அந்தத் தாளை நிலைய இயக்குநருக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவையுங்கள். அதோடு, நிலையத்தில் குரல் தேர்வு அறிவிப்பு வரும்போது ஒரு விண்ணப்பமும் போட்டு வையுங்கள். உங்கள் ஊர்க் குளங்களின் பெயர் தெரிந்த ஆள் அங்கே எப்போதும் தேவைப்படும்.